கண்ணாடி அறையின் ஈரக்கணக்கு

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். டொரொண்டோ, மார்க்கம் பக்கங்களில் வீட்டின் பின்புறத்தோடு சேர்த்துக் கட்டப்படும் சன்ரூமுக்கு இப்படியோர் அளவை வைத்துக்கொள்வோம். உள்ளே 30 கன மீட்டர் காற்று இருக்கும். அந்தக் காற்று 20 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அதற்குள் ஆவியாக எவ்வளவு தண்ணீர் தங்க முடியும்? ஏறக்குறைய அரை லிட்டர். அவ்வளவுதான். அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு சொட்டும் எங்காவது நீராக வடிந்தே தீர வேண்டும்.

இப்போது அந்த அறையில் குளிர்காலத்தில் நடப்பதைப் பார்ப்போம். கோடை முழுவதும் வெளியே நின்ற கறிவேப்பிலைத் தொட்டிகள் பனிக்கு அஞ்சி உள்ளே வந்துவிடுகின்றன. கூடவே துளசி, கற்றாழை, ஒரு மல்லிகை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறோம். செடி வேரால் உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பங்கைத்தான் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இலைகளின் நுண்துளை வழியே ஆவியாக வெளியேறிவிடும். மண்ணின் மேற்பரப்பிலிருந்து நேரே எழும் ஆவி தனி. ஆக, ஊற்றிய ஒரு லிட்டரும் சில நாட்களில் காற்றுக்கே வந்து சேர்கிறது. அங்கே உட்கார்ந்து தேநீர் குடிப்பவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40, 50 கிராம் நீரைத் தருகிறார். பக்கத்துச் சமையலறையில் புட்டோ இடியப்பமோ அவிந்தால் அந்த ஆவியும் கதவு வழியே வருகிறது.

விளைவு, காலையில் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. சட்டத்தின் அடியில் குட்டை. மூலையில் கறுப்புப் புள்ளிகள். வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, இடுக்கெல்லாம் சிலிக்கோன் அடைக்க ஆள் கூப்பிடுகிறார். பல வீடுகளில் கூரையில் ஓர் ஓட்டையும் இருக்காது. அந்த நீர் வீட்டுக்குள்ளேயே பிறந்தது. அது எங்கே பிறக்கிறது, ஏன் குறிப்பிட்ட இடத்தில் வடிகிறது, எந்த வழியாக வெளியேற்றலாம் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டால், சன்ரூமின் பெரும்பாலான தொல்லைகள் அடங்கிவிடும். இந்தக் கணக்குக்குப் பின்னால் 250 ஆண்டு அறிவியல் இருக்கிறது. அது அழகான அறிவியலும்கூட.

ஆவியும் வெப்பமும்

காற்று தண்ணீரைத் தாங்குகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். 1801ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் டால்டன் இதைத் திருத்தினார். ஓரிடத்தில் எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே, காற்றுக்கு அதில் பங்கில்லை என்று காட்டினார். காற்றே இல்லாத வெற்றிடத்திலும் அதே வெப்பநிலையில் அதே அளவு ஆவிதான் நிற்கும்.

அளவுகளைப் பார்த்தால் வெப்பத்தின் கை எவ்வளவு ஓங்கியது என்று புரியும். ஒரு கன மீட்டர் இடத்தில் 0 டிகிரியில் ஏறக்குறைய 5 கிராம் ஆவி இருக்கலாம். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். 20 டிகிரியில் 17 கிராம். 30 டிகிரியில் 30 கிராம். பத்து டிகிரிக்கு ஒருமுறை அளவு கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. வானிலை அறிக்கையில் வரும் ‘ஈரப்பதம் 50 சதவீதம்’ என்பது, அந்த வெப்பநிலைக்கு உரிய உச்ச அளவில் பாதி இருக்கிறது என்ற ஒப்பீடு. அதனால்தான் ஒரு துளி ஆவிகூடச் சேராமல், அறை குளிர்ந்தாலே இந்தச் சதவீதம் ஏறுகிறது. நூறைத் தொட்டதும் ஆவி நீராகிறது. அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். பனிக்கட்டியைச் சிறு சிறு துண்டாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். பளபளவென்று இருக்கும் டம்ளரின் வெளிப்பக்கம் ஒரு கணத்தில் மங்கும். விரலால் கோடு போட்டால் கோடு விழும். அந்தக் கணத்தில் வெப்பமானி காட்டும் எண்தான் உங்கள் அறையின் பனிநிலை. பிரான்சில் மொன்பெலியே நகரத்து மருத்துவர் சார்ல் லெ ருவா 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கையாண்ட முறை இதுவே. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், டம்ளர் 9 டிகிரிக்குச் சற்று மேலே மங்கும்.

சன்ரூமின் கண்ணாடி ஒவ்வொன்றும் இந்த டம்ளர்தான். வெளியே இருக்கும் குளிர், பனிக்கட்டியின் வேலையைச் செய்கிறது.

எந்தக் கண்ணாடி வேர்க்கும்?

வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் சுமார் மைனஸ் 1 டிகிரிக்கு இறங்கிவிடும். அதில் நீர் வடிவதோடு நிற்காது, உறைந்து பூப்பூவாகப் படியும். இடையே காற்று விட்டு இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய சாதாரண இரட்டைக் கண்ணாடியின் உட்பக்கம் 9 டிகிரியில் நிற்கும். நம் பனிநிலையும் அதே 9. எனவே அது வேர்க்கலாமா வேண்டாமா என்ற விளிம்பில் நிற்கிறது. வெப்பக்கதிரைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சும், நடுவே ஆர்கான் வாயுவும் கொண்ட கண்ணாடியின் உட்பக்கம் 14, 15 டிகிரி இருக்கும். அது காய்ந்தே கிடக்கும். ஒரே அறை, ஒரே காற்று, ஒரே ஈரம். கண்ணாடி மாறினால் கதையே மாறிவிடுகிறது. இரட்டைக் கண்ணாடி புதுச்சரக்கு என்று தோன்றலாம். அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1865இல்.

நல்ல இரட்டைக் கண்ணாடியிலும் அடி விளிம்பில் மட்டும் விரற்கடை அகலத்துக்கு ஈரக்கோடு தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு கண்ணாடிகளையும் விலக்கிப் பிடித்திருக்கும் சட்டம் பழைய வகைகளில் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். அதோடு, கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து அதன் முகத்தில் வழுக்கிக்கொண்டே கீழே இறங்கி அடியில் தேங்குகிறது. குளிர் இரண்டு வழியாகவும் சேருமிடம் அந்த அடி விளிம்பு.

சாய்ந்த கண்ணாடிக் கூரை, நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியைவிட அதிகம் வேர்ப்பதற்கும் காரணம் உண்டு. 1814இல் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் பனித்துளி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கம்பளிக் கொத்துகளை எடைபோட்டு, இரவில் தோட்டத்தில் வைத்து, விடியலில் மறுபடி எடைபோட்டுப் பார்த்தவர் அவர். வானத்தை நேரே பார்க்கும் பொருள்கள் தங்கள் வெப்பத்தைக் கதிராக வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன, அதனால்தான் அவற்றின் மேல் பனி படிகிறது என்று அவர் நிறுவினார். பனி மேலிருந்து பெய்கிறது என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. மேகமில்லாத இரவில் சன்ரூம் கூரை வானத்தை முழுசாகப் பார்க்கிறது. பக்கச் சுவரின் கண்ணாடியோ பாதி வானத்தையும் பாதி மரம் மட்டைகளையும் பார்க்கிறது. அதனால் கூரைதான் முதலில் சொட்டும்.

ஈரம் படியும் இடம்

கண்ணாடியில் ஈரத்தைக் கண்டதும், அது எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

உட்பக்கம் ஈரமென்றால் அறையில் ஆவி மிகுந்திருக்கிறது, அல்லது கண்ணாடி அதிகம் குளிர்கிறது. காற்றோட்டம் இதற்கு மருந்து.

வெளிப்பக்கம் ஈரமென்றால் கவலை வேண்டாம். இலையுதிர்காலத்துத் தெளிந்த இரவுகளில், உள்வெப்பத்தை வெளியே விடாத நல்ல கண்ணாடியின் வெளித்தகடு வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்ந்துபோகும். வெல்ஸ் சொன்ன பனி அதன்மேல் படியும். உங்கள் கண்ணாடி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. வெயில் ஏறினால் காய்ந்துவிடும்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே, துடைக்க எட்டாத இடத்தில் மங்கல் தெரிந்தால் விஷயம் வேறு. அந்த இடைவெளியின் விளிம்புச் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் அடைக்கப்பட்டிருக்கும். சுற்றுப் பசை விட்டுப்போய் வெளிக்காற்று புகுந்து, அந்த மணிகளும் ஈரம் குடித்து நிறைந்துபோன பிறகே நடுவில் மங்கல் வரும். ஜன்னலை எவ்வளவு திறந்தாலும், எந்த மின்விசிறியை ஓட்டினாலும் அது போகாது. கண்ணாடித் தொகுப்பை மாற்றத்தான் வேண்டும்.

இந்த மூன்றையும் பிரித்தறியாமல் காசைச் செலவழிக்கும் வீடுகள் ஏராளம்.

துளி விழுமுன்பே பூஞ்சணம்

கண்ணாடியில் நீர் வடிவது கண்ணுக்குத் தெரிகிறது. துடைத்துவிடலாம். அதைவிடக் கெடுதலானது கண்ணுக்குத் தெரியாத ஈரம்.

பூஞ்சணத்தின் வித்துகள் எங்கும் மிதக்கின்றன. அவற்றை ஒழிக்க முடியாது. அவை முளைக்கத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை. ஒரு பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் போதும். அறையின் நடுவே 20 டிகிரி, 50 சதவீதம் என்று கருவி காட்டலாம். அதே காற்று 12.6 டிகிரி உள்ள ஒரு மூலையைத் தொடும்போது, அங்கே ஈரப்பதம் 80 சதவீதம் ஆகிவிடுகிறது. பனிநிலையான 9 டிகிரிக்கு இன்னும் மூன்று டிகிரிக்கு மேல் மிச்சமிருக்கிறது. துளி ஒன்றும் விழவில்லை. தொட்டால் காய்ந்த சுவர்தான். ஆனாலும் ஜிப்சம் பலகையின் காகித உறையில் பூஞ்சணம் வேர்விடுகிறது. சோபாவைச் சுவரோடு ஒட்டிப்போட்ட இடம், அலமாரியின் பின்புறம், கனத்த திரைச்சீலையின் மறைவு எல்லாம் அறையின் வெப்பம் எட்டாமல் குளிர்ந்து கிடக்கும் இடங்கள். பூஞ்சணம் முதலில் குடியேறுவதும் அங்கேதான்.

எனவே கண்ணாடியை மறைத்துத் தடித்த திரை போடுவது ஈரத்தைக் கூட்டும். திரையைத் தாண்டி வெப்பம் போகாது. ஆவி மட்டும் இழைகளின் வழியே தாராளமாகப் போகும். நாற்காலிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும், திரையைக் காலையில் விலக்கிவிடுவதும் காசில்லாத மருந்து. கூரை மின்விசிறியை மெதுவாக ஓடவிடுவதும் நல்லது. அது ஈரத்தை வெளியேற்றாது. ஆனால் வெதுவெதுப்பான காற்றைக் கண்ணாடியின் மேலும் மூலைகளுக்குள்ளும் தள்ளி, அவற்றின் குளிரைச் சற்றுக் குறைக்கும்.

பகலில் ஆவி, இரவில் நீர்

1829இல் லண்டனில் நத்தேனியல் வார்ட் என்ற மருத்துவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் வைத்துக் கவனித்தார். அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. லண்டன் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் வாடிக்கொண்டிருந்த காலம் அது. புட்டிக்குள் இருந்த செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாக எழுந்தது. குளிர்ந்த நேரத்தில் கண்ணாடியில் படிந்து வழிந்து மறுபடி மண்ணுக்கே போனது. இந்தத் தத்துவத்தில் அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னாளில் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளைக் கடல் கடத்தி இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தார்.

மூடியே கிடக்கும் சன்ரூம் பெரிய வார்ட் பெட்டிதான். பகல் வெயிலில் தொட்டி மண்ணும் மரத்தரையும் மெத்தையும் தாங்கள் பிடித்துவைத்திருந்த ஈரத்தை விடுகின்றன. மாலையில் வெயில் இறங்கியதும் கண்ணாடி குளிர்கிறது. பகலில் எழுந்த ஆவி அதில் நீராகப் படிகிறது. மறுநாள் அதே நீர் மறுபடி ஆவியாகிறது. பெரணிக்கு இது சொர்க்கம். மரச்சட்டத்துக்கும் நம் நுரையீரலுக்கும் கேடு. மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் உளுத்துப்போகும் அபாயம் தொடங்குகிறது.

இந்தச் சுழற்சி தெரிந்தால், அதை அறுக்க வேண்டிய நேரமும் தெரிந்துவிடும். ஆவி முழுவதும் காற்றில் இருக்கும் பிற்பகலில், வெயில் சாயுமுன் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். இரவில் கண்ணாடிக்குப் போயிருக்கும் நீரை அப்போதே வெளியே அனுப்பிவிடலாம். செடிகளுக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவதும் இதே காரணத்தால்தான். மாலையில் ஊற்றிய நீர் இரவில் கண்ணாடிக்கே போகும்.

பனிக்காலத்தில் ஜன்னலைத் திறக்கலாமா?

இந்த இடத்தில் பலரும் தயங்குவார்கள். வெளியே பனி கொட்டுகிறது, ஈரம் 90 சதவீதம் என்று கைபேசி காட்டுகிறது, இப்போது திறந்தால் ஈரம் உள்ளே வராதா?

வராது. வெளிக்காற்று மைனஸ் 5 டிகிரியில் ஈரம் நிறைந்து நின்றாலும், ஒரு கன மீட்டரில் உள்ள ஆவி மூன்று கிராமும் கொஞ்சமும்தான். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கனடாவின் பனிக்காற்று உள்ளே வந்து சூடானால் பாலைவனக் காற்றைப் போல வறண்டுவிடுகிறது. சதவீதத்தைப் பார்த்து ஏமாறாமல் கிராமைப் பார்க்க வேண்டும். நம் 30 கன மீட்டர் அறையின் காற்று ஒருமுறை முழுதாக மாறினால் ஏறக்குறைய 160 கிராம் நீர் வெளியேறும்.

சூடு போய்விடுமே என்பது அடுத்த கவலை. அந்த அறையின் மொத்தக் காற்றும் 36 கிலோ எடைதான். அதை மைனஸ் 5 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சூடேற்றத் தேவைப்படுவது கால் யூனிட் மின்சாரம். அறையின் வெப்பத்தில் பெரும்பங்கு தரையிலும் சுவரிலும் சாமான்களிலும் இருக்கிறது. ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடினால் காற்று மட்டும் மாறும், தரையும் சுவரும் ஆறாது. ஒரு ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரல் இடுக்கில் திறந்துவைப்பதுதான் வீண். அதில் சுவர் குளிரும், குளிர்ந்த சுவரில் ஈரம் படியும்.

இந்தக் கால் யூனிட்டையும் இழக்க மனமில்லாதவர்கள் கனடாவிலேயே ஒரு வழி கண்டார்கள். 1977இல் சஸ்காச்சுவான் மாநிலத்து ரெஜைனா நகரில், வழக்கமான வெப்ப உலை இல்லாமல் குளிரைத் தாங்கும் சோதனை வீடு ஒன்றைக் கட்டினார்கள். காற்று கசியாதபடி அவ்வளவு இறுக்கமாகக் கட்டிய வீட்டில் ஈரமும் கெட்ட காற்றும் அடைந்துகிடக்குமே? வெளியே போகும் வெப்பக் காற்றையும் உள்ளே வரும் குளிர்காற்றையும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஓடவிட்டார்கள். காற்று கலக்காது, வெப்பம் மட்டும் தகடு வழியே கைமாறும். அந்தக் கருவியின் வழித்தோன்றல்கள்தான் இன்று புது வீடுகளின் நிலவறையில் தொங்கும் வெப்ப மீட்புக் காற்றோட்டக் கருவிகள். வீட்டில் அது இருந்தால், சன்ரூமுக்கும் ஒரு குழாய் இழுக்கலாமா என்று அந்த வேலை தெரிந்தவரிடம் கேட்பது நல்லது.

சூடேற்றாத சன்ரூம் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரவில் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் உள்ள கதவைத் திறந்துவிட்டால் அறை கொஞ்சம் சூடாகட்டும் என்று நினைப்பது இயல்பு. வீட்டின் காற்றில் கன மீட்டருக்கு 8 கிராம் ஆவி இருக்கும். சன்ரூம் 5 டிகிரியில் இருந்தால் அங்கே 7 கிராம்கூட நிற்காது. மிச்சமெல்லாம் கண்ணாடியிலும் சுவரிலும் படியும். அந்தக் கதவு இரவில் மூடியிருக்க வேண்டும், அதன் விளிம்பில் காற்றடைப்பு நாடாவும் ஒட்டியிருக்க வேண்டும். அமுக்கி வைத்து இயங்கும் ஈரநீக்கிக் கருவியும் இத்தகைய குளிர் அறையில் பலன் தராது. அதன் குளிர்ச் சுருளில் பனி உறைந்துவிடும். ஈரம் உறிஞ்சும் சக்கரம் கொண்ட வகையே அங்கே வேலை செய்யும்.

தாழ ஒன்று, உயர ஒன்று

கோடை வந்தால் அதே அறை அடுப்பாகிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. வெயிலை நேரே பார்க்கும் 10 சதுர மீட்டர் தெளிந்த கண்ணாடி வழியே 7 கிலோவாட் வரை உள்ளே நுழையும். கண்ணாடி வெப்பக்கதிரைச் சிறைப்பிடிப்பதால்தான் இந்தச் சூடு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றொன்றுக்கு, வெப்பக்கதிரைத் தடுக்காத பாறை உப்புத் தகடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபட்டுக் கிடப்பதே முதன்மையான காரணம் என்று அதிலிருந்து தெரிந்தது. அடைபட்ட காற்றுக்கு வழி விடுவதுதான் மருந்து என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

வழி விட மின்விசிறி கட்டாயமில்லை. உள்ளே 35 டிகிரி, வெளியே 20 டிகிரி. தரையை ஒட்டி ஒரு திறப்பு, அதற்கு இரண்டு மீட்டர் மேலே கூரையை ஒட்டி இன்னொரு திறப்பு, இரண்டும் அரை மீட்டர் சதுரம். சூடான காற்று இலேசானது, அதனால் இரண்டு திறப்புக்கும் இடையே அழுத்த வேறுபாடு உண்டாகிறது. அது எவ்வளவு? ஒரு பரப்பின்மேல் ஒன்றரை அடுக்கு ஏ4 தாளை விரித்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான். அந்த அற்ப அழுத்தம், 30 கன மீட்டர் காற்று முழுவதையும் மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறது. நீராவியும் இதற்குத் துணை. நீர் மூலக்கூறு காற்றின் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது, ஆகவே ஈரக்காற்று அதே வெப்பமுள்ள உலர்காற்றைவிடச் சற்று இலேசு. ஆனால் இரண்டு திறப்பும் ஒரே உயரத்தில், ஒரே சுவரில் இருந்தால் இந்த ஓட்டத்தில் பெரும்பங்கு கிடைக்காது. எத்தனை ஜன்னல் என்பதைவிட எந்த உயரத்தில் என்பது முக்கியம்.

மேல் திறப்பை நாமே போய்த் திறக்க வேண்டியதும் இல்லை. பசுமைக்குடில்களில் மெழுகு அடைத்த சிறு உருளையைப் பொருத்துவார்கள். சூடேறினால் மெழுகு உருகிப் பருத்து ஒரு தண்டை வெளியே தள்ளும், ஜன்னல் திறக்கும். குளிர்ந்தால் மெழுகு சுருங்கும், ஜன்னல் மூடும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. சன்ரூமின் கூரை ஜன்னலுக்கும் இதைப் பொருத்தலாம்.

வெயில் மறைப்பை உள்ளே போடுவதைவிட வெளியே போடுவது மேல். உள்ளே நுழைந்துவிட்ட வெயில் திரையில் பட்டாலும் அந்தச் சூடு அறைக்குத்தான். 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடிகளால் எழுந்த பளிங்கு மாளிகைக்கு, அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் கூரையின் வெளிப்புறத்தில் துணி விரித்தார். சுவர்களில் திறந்து மூடும் சாய்பலகைகள் வைத்தார்.

சென்னையில் விதி தலைகீழ்

இதுவரை சொன்னது குளிர்நாட்டுக் கணக்கு. அதை அப்படியே சென்னைக்கோ கொழும்புக்கோ கொண்டுபோனால் கெடுதல்தான் வரும்.

ஐப்பசி மழை ஓய்ந்த மாலையில் சென்னைக் காற்று 28 டிகிரி, 85 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டரில் 23 கிராம் ஆவி இருக்கிறது. 24 டிகிரியில் ஏசி ஓடும் அறையில் 22 கிராம்கூட நிற்க முடியாது. ஈரம் போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். கண்ணாடியும் அங்கே வெளிப்பக்கம் வேர்க்கிறது. சுவருக்குள் ஈரம் புகாமல் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பைக் கனடாவில் உட்பக்கம், அதாவது சூடான பக்கம், வைக்கிறார்கள். ஏசி ஓடும் வெப்பநாட்டு வீட்டில் அதே விரிப்பை உட்பக்கம் வைத்தால், வெளியிலிருந்து வரும் ஆவி அதன் பின்னால் சிக்கிக் குளிர்ந்து, சுவர் உள்ளுக்குள்ளேயே நனையும். ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் டொரொண்டோவும் சில நாட்களுக்குச் சென்னையாகிவிடுகிறது. அந்த நாட்களில் ஏசி ஓடினால் மூடிவைப்பதே சரி.

ஊர் எதுவானாலும் விதி ஒன்றுதான். ஆவி எந்தப் பக்கம் அதிகம், குளிர் எந்தப் பக்கம் அதிகம் என்று பாருங்கள். ஆவி அதிகமுள்ள பக்கத்திலிருந்து குளிரை நோக்கி ஈரம் நகரும்.

வடிய வழி

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடுங்குளிர் இரவொன்றில் கண்ணாடி வேர்த்தே தீரும். பாக்ஸ்டன் இதை ஒப்புக்கொண்டு திட்டமிட்டார். பளிங்கு மாளிகைக் கூரையில் அவர் வைத்த மரக் காடியின் மேல்பள்ளம் மழைநீருக்கு. அதே மரத்தின் இரு பக்கமும் உட்புறமாக இரண்டு சிறு பள்ளங்கள் செதுக்கியிருந்தன. கண்ணாடியின் உட்பக்கம் வழியும் நீரைப் பிடிப்பதற்கென்றே அவை. ஒரே மரத்தில் மூன்று வாய்க்கால்.

இன்றைய சட்டங்களிலும் அந்த அறிவு இருக்கிறது. சன்ரூம் ஜன்னல் சட்டத்தின் அடிப்பகுதியில், வெளிப்பக்கம், அரிசி நீளத்தில் சிறு துளைகள் தெரியும். உள்ளே தேங்கும் நீர் வெளியேறும் வழி அவை. பலர் அவற்றை ஓட்டை என்று நினைத்துச் சிலிக்கோனால் அடைத்துவிடுகிறார்கள். அடைத்த மறுகுளிர்காலமே சட்டத்துக்குள் நீர் தேங்கி உறைந்து பிளக்கத் தொடங்கும். வருடத்துக்கு ஒருமுறை, இலையுதிர்காலத்தில், ஒரு பல்குத்தும் குச்சியால் அவற்றைச் சுத்தம் செய்தால் போதும்.

தரையையும் மறக்கக் கூடாது. கான்கிரீட் தளத்தின் அடியில் பாலித்தீன் விரிப்பு இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் தளத்தின் வழியே வருடம் முழுவதும் மேலேறிக்கொண்டிருக்கும். இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் நாடா ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் தெரிந்தால், உங்கள் அறைக்கு நீர் வரும் வழிகளில் தரையும் ஒன்று.

சன்ரூம் கட்ட நினைப்பவர்கள் கண்ணாடி எத்தனை அடுக்கு, சதுர அடி என்ன விலை என்று கேட்கிறார்கள். அதோடு நான்கு கேள்விகளையும் வரைபடம் கையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். காற்று எந்தத் தாழ்ந்த திறப்பில் நுழையும்? எந்த உயர்ந்த திறப்பில் வெளியேறும்? கண்ணாடியில் வழியும் நீர் எங்கே போய்ச் சேரும்? தளத்துக்கு அடியில் விரிப்பு உண்டா? கட்டும்போது இவற்றுக்கு ஆகும் செலவு அற்பம். கட்டிய பின் தளத்தை உடைப்பதும் கூரையை அறுப்பதும் பெருஞ்செலவு. ஏற்கெனவே கட்டியவர்கள் முதலில் விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அறையில் வைக்கட்டும். குளிர்காலத்தில் அது 50ஐத் தாண்டினால் நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கடுங்குளிரில் 30ஐ ஒட்டி நிற்கும்படி பிற்பகலில் ஜன்னலைத் திறந்து மூடுங்கள். ஒரு வாரம் எண்களைக் குறித்துப் பாருங்கள். ஆயிரம் டாலர் செலவில் கண்ணாடியை மாற்ற வேண்டுமா, செடிகளில் நான்கைக் குறைத்தால் போதுமா என்று அந்த எண்களே சொல்லிவிடும்.